மூன்று தஸ்பீஹுக்குப் பிறகு

பள்ளிக்கூடத்து ளுஹர் (நண்பகல்) ஜமாஅத்தின், அதாவது கூட்டுத் தொழுகையின், சுஜூது (நெற்றியைத் தரையில் வைப்பது) எவ்வளவு நேரம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த பாட மணிக்குள் முடிய வேண்டும். மூன்று தரம் ‘ஸுப்ஹான ரப்பியல் அஃலா’ என்ற தஸ்பீஹ் (இறைத்துதி), உடனே தக்பீர் (‘அல்லாஹு அக்பர்’) சொல்லி எழுந்துவிடுவோம். ஆனால் இஸ்லாம் பாடத்தில் பாடமாக்கிய ஹதீஸ் (நபிமொழி) வேறு: ‘அடியான் தன் ரப்புக்கு (இறைவனுக்கு) மிக நெருக்கமாக இருப்பது சுஜூதில், அதில் துஆவை (வேண்டுதலை) அதிகப்படுத்துங்கள்.’ அபூஹுரைரா (ரலி) அறிவிப்பு, ‘முஸ்லிம்’ ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பரீட்சைக்கு எழுதி மார்க்ஸ் எடுத்தோம். எப்படிக் கேட்பது என்பதில் பலருக்கு இன்றும் தடுமாற்றம்தான்.

முதலில் சுஜூது செல்லுபடியாக வேண்டும். நெற்றி, இரு உள்ளங்கை, இரு முழங்கால், இரு பாதங்களின் விரல்கள் என ஏழும் தரையில். மூக்கையும் வைப்பது சுன்னத் (கட்டாயமல்லாத நல்ல வழக்கம்). ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) நெற்றித் தோல் கொஞ்சமாவது நேரே தரையில் பட வேண்டும். தொப்பி புருவம்வரை இறங்கியிருந்தால் சுஜூது செல்லாது. வெளிநாட்டுப் பள்ளிவாசல்களின் தடித்த ஸ்பொஞ்ச் கம்பளத்தில் நெற்றியைச் சும்மா தொட்டு வைப்பது போதாது. அடியில் பஞ்சு இருந்தால் அமுங்கும் அளவுக்குத் தலையின் பாரம் இறங்க வேண்டும் என்று கிதாபுகள் (சட்ட நூல்கள்) சொல்கின்றன.

தஸ்பீஹ் முடிந்த பின் துஆ. குர்ஆன் ஓதுவது சுஜூதில் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). ஆனால் ‘ரப்பனா ஆதினா’ என்ற குர்ஆன் வசனத்தைத் துஆ என்ற நிய்யத்தில் (எண்ணத்தில்) கேட்கலாம். வேலை, பிள்ளை, நோய் எதுவானாலும் அரபியில் கேட்க ஷாஃபிஈயில் தடையில்லை. ஹனஃபி மத்ஹபில் மனிதரிடம் கேட்கக்கூடிய பேச்சுப் போன்ற துஆ தொழுகையை முறித்துவிடும்.

சிக்கல் தமிழில்தான். சொந்தமாக அமைத்த துஆவைத் தமிழில் வாய்விட்டுச் சொன்னால் ஷாஃபிஈ மத்ஹபில் தொழுகை முறியும். மெதுவாகச் சொன்னேனே என்பது சாட்டு ஆகாது. தன் காதுக்குக் கேட்டாலே அது பேச்சு. நாவசையாமல் மனதில் நினைப்பதால் முறியாது. அரபி தெரியாதவர் தன் மொழியில் கேட்கலாம் என்று சொல்லும் இக்கால உலமாக்களும் உண்டு. யாரைப் பின்பற்றுவது என்பதைத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

ஜமாஅத்தில் இமாம் எழுந்தால் எழுந்துவிட வேண்டும். துஆ முடியவில்லையே என்று கிடந்து, காரணமின்றி இரண்டு செயல் ருக்னுகள் (தொழுகையின் கட்டாயப் பகுதிகள்) பிந்தினால் தொழுகை போச்சு. நீட்ட ஆசையா, வீட்டில் தஹஜ்ஜுத் (இரவில் எழுந்து தொழும் தொழுகை) இருக்கிறது. அங்கேயும் நீட்டுவது சுஜூதைத்தான். இரு சுஜூதுக்கு இடைப்பட்ட இருப்பு ஷாஃபிஈயில் குறுகிய ருக்னு, அதை நீட்டக்கூடாது.

ஒன்றுமே பாடமில்லாதவருக்கு நபி (ஸல்) அவர்கள் சுஜூதில் கேட்டது: ‘அல்லாஹும்மஃக்ஃபிர்லீ தன்பீ குல்லஹு, திக்கஹு வஜில்லஹு, வஅவ்வலஹு வஆகிரஹு, வஅலானியதஹு வஸிர்ரஹு.’ சிறிது, பெரிது, முந்தியது, பிந்தியது, வெளியே தெரிந்தது, மறைந்தது என்று என் பாவம் எல்லாவற்றையும் மன்னிப்பாயாக. நிதானமாகச் சொன்னாலும் பத்து விநாடிதான். பள்ளிக்கூட ளுஹரிலும் அடங்கியிருக்கும்.