புதுப் போத்தலோ?

அண்டைக்கு நான் "புதுசு" எண்டு சொன்னது பொய்யோ இல்லையோ எண்டு இன்னும் எனக்கு முடிவில்லை.

சனிக்கிழமை ராத்திரி, கடைசி ரெண்டு மேசைதான் மிச்சம். கிறான் மார்னியே எண்ட தோடம்பழ மதுப் போத்தல் காலி. மத்தியானமே கிரெப் சுசெத் எண்ட, மது ஊத்தி நெருப்பு மூட்டிற மெல்லிய இனிப்புத் தோசைக்கு ஊத்தி முடிச்சாச்சு, அதைப் பாத்து எழுதிவைக்க வேண்டியவன் நான்தான், அதை முதலே ஒத்துக்கொள்ளுறன். ஜன்னலடி மதாம் கிழமைக்கு ஒருக்கா வாறவா, சாப்பாடு முடிய ஒரு சின்னக் கிளாஸ், ஐஸ் இல்லாமல். முடிஞ்சுது மதாம் எண்டு சொல்லியிருக்கலாம். பத்ரோன், எங்கட முதலாளி, கணக்குக் கொப்பியால தலை நிமித்தாமலே "குவாந்த்ரோ கிடக்கு, கொன்யாக் கிடக்கு, பிறகென்ன" எண்டார். குவாந்த்ரோ தோடம்பழ மது, கொன்யாக் திராட்சைப் பிராந்தி, ரெண்டையும் பாதிக்குப் பாதி கலந்தன்.

யோசிச்சுப் பாத்தால் அது அவ்வளவு பெரிய களவும் இல்லை. கிறான் மார்னியேல 51 வீதம் கொன்யாக்தானே, மிச்சம் கசப்புத் தோடம்பழத் தோல்ல வடிச்ச லிக்கர், இனிப்பு மது. நான் எடுத்த ரெண்டு போத்தலும் 40 வீதம் அல்ககோல், கலந்தாலும் அதே 40, கிறான் மார்னியேயும் 40. சைட்கார் எண்ட கொக்டெயில் கேட்டால் இதே ரெண்டையும் தேசிக்காய்ப் புளியோட குலுக்கித்தான் குடுக்கிறம், அதுக்கு ஒருத்தரும் கள்ளன் எண்டு சொல்லுறேல்லை. ஆனா சைட்கார் கேட்டவருக்கு சைட்கார் போகுது. இவா கேட்டது வேற.

கிளாஸை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சவா. பேந்து ஒரு வாய். பேந்து லைட்டுக்கு நேர தூக்கிப் பாத்திட்டு, "புதுப் போத்தலோ?" எண்டு கேட்டா. பத்ரோன் என்னை "தியூ", அதாவது நீ எண்டுதான் கூப்பிடுவார், இவா எப்பவும் "வூ", நீங்கள் போட்டுத்தான் கதைப்பா, அதாலயோ தெரியாது அந்தக் கேள்வி இன்னும் காதுக்குள்ள கிடக்கு. "ஓம் மதாம், புதுசு." ஒருவகையில உண்மைதான், செய்து ரெண்டு நிமிஷம்கூட ஆகேல்லை. அவா சிரிச்சா, முழுசாக் குடிச்சா, வழமையை விட அஞ்சு யூரோ கூட வைச்சிட்டுப் போனா. அந்த அஞ்சு யூரோதான் எனக்கு விளங்கேல்லை.

திங்கட்கிழமை புதுப் போத்தல் வந்தது, கழுத்தில சிவப்பு றிபன், அரக்கு முத்திரை. ரெண்டையும் பக்கத்தில வைச்சு நக்கிப் பாத்தன். என்ரயில முதல் தோடம்பழம் ஓடிவந்து மூக்கில அடிக்குது, அது போனாப்பிறகு கொன்யாக் தனிய வந்து நிக்குது, ஒரே மேசையில இருந்தும் கதைக்காத ரெண்டு பேர் மாதிரி. புதுப் போத்தல்ல மரப்பீப்பா வாசமும் நாரத்தங்காய்த் தோல்ட கசப்பும் ஒண்டாத்தான் தொண்டைக்குள்ள இறங்குது. 1880ல இருந்து இதையே செய்யிறாங்கள், நான் ரெண்டு நிமிஷத்தில செய்யப் பாத்தனான்.

எரிச்சல் என்னெண்டால், மத்தியானக் கிரெப்புக்கு வெறும் குவாந்த்ரோ ஊத்தியிருந்தால் ஒரு சனத்துக்கும் தெரிஞ்சிராது. பட்டர், சீனி, தோடம்பழச்சாறு, மேல நெருப்பு, அதுக்குள்ள எந்தக் கொன்யாக்கின்ர குரல் கேக்கப்போகுது? இப்ப அப்பிடித்தான் செய்யிறன். மெனுவில மட்டும் இன்னும் கிறான் மார்னியே எண்டுதான் கிடக்கு, அதை மாத்தச் சொல்லிப் பத்ரோனிட்டக் கேக்கோணும், கேக்கேல்லை.

மதாம் பிறகும் வாறா. சாப்பிட்டு முடிய, கோப்பி மட்டும் காணும் எண்டுறா. டொக்டர் ஏதும் சொல்லியிருக்கலாம், வயசும் போட்டுதுதானே.