முடிச்சுப் போடாமல் கொடுங்கள்

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு நுண் உர மையத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். ஊர்க் குப்பை எல்லாவற்றையும் எருமாபாளையத்திலும் செட்டிச்சாவடியிலும் கொண்டுபோய்க் கொட்டிய காலம் ஒன்று உண்டு. மக்கும் குப்பையை அந்தந்தப் பகுதியிலேயே உரமாக்கிவிடுவதற்காக வந்தவைதான் இந்த மையங்கள். காலையில் வண்டியில் வருவதைப் பிரித்து, அரைத்து, தொட்டியில் நிரப்பி, சாணக் கரைசல் தெளித்து, அவ்வப்போது கிளறிவிட்டால் ஒன்றரை மாதத்தில் உரம். சொல்வதற்குச் சுலபம்.

எங்கள் நேரத்தைத் தின்பது முடிச்சுதான்.

ஒரு கேரி பேக் வந்து விழுகிறது. இரண்டு காதையும் இழுத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நேற்றைய சோறு, குழம்பு, முருங்கைக்காய்ச் சக்கை, டீத்தூள். காற்றுப் போகாமல் ராத்திரியே புளித்து, பை பலூன் மாதிரி உப்பியிருக்கும். கிழித்தால் நீர் முகத்தில் தெறிக்கும். அவிழ்க்கலாம் என்றால் கையுறை போட்ட விரலுக்கு அந்த முடிச்சு பிடிபடாது. அதனால் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் விரலால் அவிழ்க்கிறார்கள். உள்ளே சவரப் பிளேடு இருக்கிறதா, உடைந்த வளையல் இருக்கிறதா என்பது கை பட்ட பிறகுதான் தெரியும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அப்புறம் சாம்பார் பார்சல் கவரில் சுற்றிய ரப்பர் பேண்டு வேறு. அதைத் தனியாக எடுக்காமல் விட்டால் கடைசியில் உரம் சலிக்கும்போது சல்லடையில் வந்து நிற்கும்.

பைக்கும் கதி இல்லை. கழுவிக் காய்ந்த பால் கவரை எடைக்குப் போடலாம், மறுசுழற்சிக்குப் போகும். குழம்பு ஊறிய கவரை எந்த வியாபாரியும் தொடமாட்டார். அப்படிப்பட்டது சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகத்தான் போகிறது. எரிப்பதை மறுசுழற்சிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சுற்றிக் கொடுக்கச் சொன்னவையும் அதே விதிகள்தான். சோற்றோடு ஒரே பையில் அவை வரும் நாளில் பிரிக்கும் மேசையில் யாரும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

ஏன் கட்டிக் கொடுக்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். "நாய் இழுத்துப் போட்டுருதுங்க", "எறும்பு வருது", "நாத்தம் தாங்கல". தறி ஓடும் வீடு ஒன்றில், "வாளி வைக்க எடம் எங்கம்மா இருக்கு?" என்றார்கள். உண்மைதான், தறி போக மிச்சம் இருந்த இடத்தில்தான் அடுப்பே இருந்தது. யாரையும் அலட்சியக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். குழம்பு, சாற்றை வடித்துவிட்டு, மூடி போட்ட சின்ன டப்பாவின் அடியில் பழைய பேப்பரை மடித்துப் போட்டால் ஒரு ராத்திரி தாங்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

குப்பைக்கும் சீசன் உண்டு. மாம்பழக் காலத்தில் கொட்டை வந்து குவியும். அது லேசில் மக்காது, தனியாக ஒதுக்கித்தான் போடுகிறோம். ஆயுத பூஜை முடிந்தால் வாழைக்கன்றும் பூசணியும். பொங்கல் கரும்புச் சக்கை வந்தால் எங்களுக்குச் சந்தோஷம். வெறும் சாப்பாட்டுக் கழிவு கொழகொழவென்று ஆகும் தொட்டிக்கு அந்த மாதிரி காய்ந்த சரக்கு வேண்டும். தறி நூல் கலந்து வந்தால் மட்டும் அரைக்கும் இயந்திரத்தின் பிளேடில் சுற்றிக்கொண்டு அன்றைய வேலையே நின்றுவிடும்.

எங்கள் பணியாளர்களில் ஒரு அம்மா கட்டிய பையை வாங்கவே மாட்டார். "அவுத்துக் கொட்டிட்டுப் பையைக் கையில குடுங்கக்கா" என்று வாசலிலேயே நிற்பார். முதலில் முகம் சுளித்தவர்கள் இப்போது வாளியோடு வருகிறார்கள். அவர் தெருச் சரக்கு பெரும்பாலும் மேசையில் தங்காமல் நேராக அரைக்கப் போகிறது. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் அப்படி நிற்க அவருக்கு நேரம் வேண்டும், நிற்க நிற்க வண்டி தாமதமாகிறது. அதனால் ஒரு வண்டிக்கு ஒதுக்கும் வீடுகளைக் குறையுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.