டொரண்டோ குளிரில் ஒரு கறிவேப்பிலைச் செடி

கனடாவில் கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால், "நல்லாத்தான் இருந்துச்சு, போன விண்டர்ல போயிடுச்சு" என்று ஒருவராவது சொல்வார். பழியைக் குளிர் மேல் போட்டுவிடுவோம். வெளியே மறந்து விட்ட செடி என்றால் அது சரிதான், ஒரே இரவு உறைபனியில் கதை முடிந்துவிடும். ஆனால் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள், ஜன்னல் ஓரத்தில் இருந்த செடி ஏன் சாக வேண்டும்? என்னிடம் வந்து சேர்ந்த செடியைப் பிழைக்க வைத்த பிறகு எனக்குத் தோன்றுவது, வீட்டுக்குள் அதைக் கொல்வது பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான்.

அந்தச் செடி ஒரு நண்பருடையது. வேலை மாறி டெக்சாஸ் போகிறார், செடியைக் கொண்டுபோக வழியில்லை. கறிவேப்பிலை ஆரஞ்சு, எலுமிச்சையின் குடும்பம். சிட்ரஸ் மரங்களுக்குப் பச்சையாக்க நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற குட்டிப் பூச்சிக்குக் கறிவேப்பிலைத் தளிர் என்றால் உயிர். 2005-இல் அந்த நோய் ஃப்ளோரிடாவில் தென்பட்டதிலிருந்து அமெரிக்காவில் இந்தச் செடியை இஷ்டத்துக்கு ஊர்விட்டு ஊர் நகர்த்த முடியாது. ஆக, நவம்பர் கடைசியில், டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் என் அபார்ட்மென்டுக்கு அது வந்தது. நெஞ்சு உயரம், பெரிய தொட்டி. இலைகள் எல்லாம் தொங்கிப்போய், லேசாகத் தொட்டாலே ஈர்க்கிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தன. "வாடுதேன்னு தினமும் தண்ணி விட்டேன்" என்றார். தொட்டியைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், அத்தனை ஈரம்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால், தாகம் என்று நினைத்துவிடக் கூடாது. மண்ணில் காற்றே இல்லாமல் வேர் அழுகிவிட்டால், குடிக்க வாய் இல்லை. தண்ணீருக்குள்ளேயே நின்றாலும் இலை தொங்கும். பார்ப்பவர் பதறி இன்னும் ஊற்றுவார், மிச்ச வேரும் போகும்.

எதிர்வீட்டு மாமி யாழ்ப்பாணத்துக்காரர். கறிவேப்பிலை விஷயத்தில் எங்கள் மாடிக்கே அவர்தான் டாக்டர். வந்து பார்த்தவர், தண்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார். நுனியில் பட்டைக்கு அடியில் காய்ந்த பழுப்பு. ஒரு சாண் கீழே வந்ததும் பளிச்சென்று பச்சை.

"உது சாகேல்லை, தம்பி. பச்சை இருக்குதெல்லே? தொட்டியை விட்டு எடுத்து வேரைப் பாரும்."

அன்றைக்கே குளியலறையில் பழைய பெட்ஷீட்டை விரித்துச் செடியைக் கவிழ்த்தேன். சாக்கடை வாடை. மேல் வேர்கள் வெளிர் நிறத்தில், இழுத்தால் விறைப்பாக நின்றன. அடியில் இருந்தவை கறுத்து வழவழத்து, இரு விரலால் பிடித்து உருவினால் தோல் மட்டும் கையோடு வந்து, உள்ளே நூல் போல நரம்பு மிஞ்சியது. அப்படி உருவிக்கொண்டு வந்த வேர் எல்லாம் போக வேண்டியதுதான். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால், வெட்டுவாய் வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டினேன். பாதிக்கு மேல் போய்விட்டது. லவங்கப்பட்டைத் தூள் தூவு, மஞ்சள் தடவு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் எதுவும் தடவவில்லை. அழுகலை வெட்டி எடுத்து, காற்று ஓடும் மண்ணில் வைத்தால் அதற்கு மேல் வேர் பார்த்துக்கொள்ளும்.

மறுபடி வைக்கும்போது சின்னத் தொட்டிதான் சரி. இங்கேதான் பலருக்கு மனசு வராது. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், அழுகல் திரும்பி வரும். மிச்ச வேர் அடங்கி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். கடையில் விற்கும் பாட்டிங் மண் இரண்டு பங்கு, மண்ணில் காற்று ஓடுவதற்காகக் கலக்கும் பெர்லைட் என்ற வெள்ளைத் துகள் ஒரு பங்கு. உரம் கிடையாது. வேர் இல்லாத செடிக்கு உரம் போட்டால் உப்புதான் சேரும். காய்ந்த நுனிகளைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டி, மற்றதை அப்படியே விட்டேன். கடைசியில் ஒரு தண்டும் இரண்டு கிளையும், நுனியில் நாலைந்து இலையும் நின்றன. வீட்டில், "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை ரொம்பக் கொஞ்சம். அதுதான் கஷ்டம். ராத்திரிக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் கறிவேப்பிலை வளர்ச்சியை நிறுத்திவிடும், இலையைக் கொட்டும். வீட்டுக்குள் அவ்வளவு குளிர் இல்லாவிட்டாலும் வெளிச்சம் குறைந்துபோகிறது. டிசம்பர் நடுவில் டொரண்டோவில் பகல் ஒன்பது மணி நேரம்கூடத் தேறாது, அதிலும் பாதி நாள் மேகம். வளராத செடி குடிக்காது. ஊரில் வாசல் மரத்துக்குத் தினம் ஒரு குடம் ஊற்றிய கை சும்மா இருக்குமா? "மாசி மட்டும் பேசாமல் விடும்" என்று மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாசி வரைக்கும் என்று அர்த்தம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி வைத்திருந்தேன். உருவிப் பார்த்தால் கீழ்ப் பாதி கறுத்து மண் ஒட்டியிருக்கும், அப்போது வேண்டாம். வெளிறி வெறுமனே வந்தால் ஊற்றலாம். கொஞ்ச நாளில் குச்சியும் தேவைப்படவில்லை, தொட்டியைத் தூக்கினாலே கனத்தில் தெரிந்துவிடும். ஊற்றும்போது அடி ஓட்டை வழியாக வழியும்வரை ஊற்றி, தட்டில் நின்றதைக் கொட்டிவிட வேண்டும். ஜனவரியில் குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும், அதை அப்படியே ஊற்றாமல் ராத்திரியே பிடித்து வைத்துவிடுவேன்.

எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தெற்கு ஜன்னல் நல்லது. ஆனால் என் ஜன்னலுக்கு நேர் கீழே ஹீட்டர், தரையோ கான்கிரீட். சிட்ரஸ் வளர்ப்பவர்கள் ஒன்று சொல்வார்கள்: இலைக்கு வெயில் படுகிறது, வேரோ குளிர்ந்து கிடக்கிறது என்றால், இலை கேட்கும் தண்ணீரை வேரால் அனுப்ப முடியாது, செடி இலையை உதிர்த்துவிடும். கறிவேப்பிலையும் அதே குடும்பம் என்பதால், தொட்டியை ஒரு மர ஸ்டூலில் ஏற்றி, ஹீட்டரின் அனல் நேராகப் படாதபடி தள்ளி, கண்ணாடியில் இலை உரசாத தூரத்தில் வைத்தேன். தலைக்கு ஓர் அடி மேலே வெள்ளை எல்இடி விளக்கு, டைமர் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம். ஊதா நிறத்தில் எரியும் விளக்கும் விற்கிறார்கள். செடிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து மனிதன் சாப்பிட முடியாது.

பூச்சி ஜனவரியில் வந்தது. ஹீட்டர் ஓட ஓட வீட்டுக் காற்று வறண்டுபோகும், செஞ்சிலந்திப் பூச்சிக்கு அது கொண்டாட்டம். இலை மேல் ஊசி குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டிப் பாருங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது தூசி இல்லை. வாரம் ஒரு தடவை குளியலறைக்குக் கொண்டுபோய், மண்ணுக்குப் பிளாஸ்டிக் பை கட்டி, இலையின் அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான ஷவரில் கழுவினேன். அடங்கியது.

செதில் பூச்சிதான் ஆளை ஏமாற்றியது. தண்டில் உரிக்காத மசூர் பருப்பை ஒட்டிவைத்தது போலப் பழுப்பாக இருக்கும், நகராது, தண்டின் கணு என்றே நினைத்துவிடலாம். ஸ்டூல் பிசுபிசு என்று ஆனபோதுதான் சந்தேகம் வந்தது. அந்தப் பிசுக்கு, சாற்றை உறிஞ்சி அது விடும் கழிவு. நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, எழுபது சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தடவினேன். ஒரு தடவையில் ஒழியாது. குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது என்பதால் சில வாரம் விடாமல் பார்க்க வேண்டும். மண்ணில் போட்டு வேர் வழியாக ஏறும் பூச்சிமருந்து சுலபம் என்றார்கள். ரசத்தில் போட்டுச் சாப்பிடும் இலை ஆயிற்றே, அது வேண்டாம்.

மோர் பற்றியும் கேட்பார்கள். புளித்த மோர் ஊற்றினால் கறிவேப்பிலை தழைக்கும் என்பது மதுரையில் எங்கள் கொல்லையில் நான் பார்த்து வளர்ந்த வைத்தியம். வெயிலில், தோட்டத்து மண்ணில், எல்லாம் சரி. ஜன்னல் மூடிய அபார்ட்மென்டில், குளிர்காலத்தில், வளராத செடிக்கு ஊற்றினால் நாற்றமும் மண்ணிலிருந்து கிளம்பும் பொடிக் கறுப்பு ஈக்களும்தான் மிச்சம். கோடையில் பால்கனிக்குப் போன பிறகு, தண்ணீர் கலந்து ஊற்றிக்கொள்ளலாம்.

பிப்ரவரியில் கடைசி இலையும் விழுந்து வெறும் குச்சி நின்றது. மாமி வந்து இன்னொரு தடவை சுரண்டினார். பச்சை. "அப்ப என்னத்துக்கு முகம் வாடுறீர்?" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். மார்ச் நடுவில், இலை விழுந்த வடுக்களுக்கு மேலே, கடுகளவு மொட்டுகள் முட்டிக்கொண்டு வந்தன. முதல் தளிர் பச்சைகூட இல்லை, சிவப்போடிய பழுப்பு. கிள்ளி முகர்ந்து பார்க்க ஆசைதான், விட்டுவிட்டேன். தளிர் விரிந்த பிறகுதான் தண்ணீரைக் கூட்டி, அளவைப் பாதியாக்கி உரம் கொடுக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் உச்சியில் தெளிவாகச் செத்துப்போன பகுதியையும் வெட்டினேன். நெஞ்சு உயரச் செடி இடுப்புக்கு வந்தது. பரவாயில்லை, வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை பிரியும்.

வெளியே வைப்பதற்கு டொரண்டோக்காரர்களின் கணக்கு விக்டோரியா தினம், அதாவது மே 25-க்கு முந்தைய திங்கள்கிழமை. அதற்கு முன்னால் ஒரு நல்ல வெயில் நாளைப் பார்த்து ஏமாறக் கூடாது. அப்புறமும் நேராக வெயிலில் வைத்தால், வீட்டுக்குள் விரிந்த இலை ஒரே மதியத்தில் வெளுத்துக் காகிதமாகிவிடும். முதலில் நிழல், பிறகு காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில் என்று பத்து நாள் போல எடுத்துக்கொண்டது. ஜூனில் புது இலைகள் மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. இரும்புச்சத்து ஏறவில்லை என்பதற்கு அடையாளம். செடிகளுக்கென்று விற்கும் இரும்புச் சத்துக் கரைசலைக் கொடுத்தபின் வந்த தளிர்கள் பச்சையாக வந்தன. பூ மொட்டுகளைக் கிள்ளிப் போட்டேன், இப்போதைக்கு இலை போதும். பறிக்கும்போதும் ஒவ்வோர் இலையாக உருவாமல் கொப்பின் நுனியோடு வெட்டினால்தான் பக்கவாட்டில் கிளை விடும்.

ஜூலையில் அடித்தண்டுக்குச் சற்றுத் தள்ளி, வேரிலிருந்து ஒரு பக்கக்கன்று மண்ணைக் கிழித்து வந்தது. நான் பார்ப்பதற்குள் மாமி பார்த்துவிட்டார். "உது எனக்கு" என்றார். சொந்த வேர் பிடிக்கட்டும் என்று ஆகஸ்டு கடைசிவரை விட்டு, கத்தியால் தாய் வேரிலிருந்து அறுத்து, சின்னத் தொட்டியில் வைத்துக் கொடுத்தேன். மாமி அதை ஒரு நாள்கூட வெளியே வைக்கவில்லை, நேராக ஜன்னலுக்குக் கொண்டுபோய்விட்டார். என்னுடையது ராத்திரி பத்து டிகிரி தொடும்வரை பால்கனியில்தான் இருக்கும். உள்ளே எடுப்பதற்கு முன் தண்டு முழுக்க நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும், பருப்பு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று.