பழைய பாக்ஸ்டர்: கேட்கிற விலை தகுமா?

986 பாக்ஸ்டர் (போர்ஷேயின் முதல் தலைமுறை பாக்ஸ்டர் கார்) பார்க்கப் போனால் ஓடோமீட்டரை அப்புறம் பாருங்கள், முதலில் ஐ.எம்.எஸ். பேரிங் (எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்டை ஓட்டும் இடைத்தண்டைத் தாங்குவது) மாற்றிய பில்லைக் கேளுங்கள். 2000-க்குப் பிந்தைய பெரும்பாலான எஞ்சின்களில் இருப்பது ஒற்றை வரிசை பேரிங். அது உடைந்தால் டைமிங் குலைந்து வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் போச்சு. ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மடிப்புகளை விரித்து வெயிலில் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு தெரிந்தால் பேரத்துக்கே உட்கார வேண்டாம்.

பேரிங்கை எட்ட கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கிளட்ச்சும் பின்பக்க ஆயில் சீலும் அதே கூலியில் முடிந்துவிடும். மாற்றாத வண்டியா? அந்த மொத்தச் செலவையும் கழித்துப் பேசுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் ஆயில் ஈரம் இருந்தால் பெரும்பாலும் சீல் கசிவுதான். பயப்பட ஒன்றுமில்லை, விலை குறைக்க நல்ல பிடி.

இருக்கைக்கு அடியில் கார்பெட்டை அமுக்கிப் பாருங்கள். ஈரமென்றால் துணிக்கூரையின் வடிகால் அடைத்திருக்கலாம். சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்பவிடாத இம்மொபிலைசர் பெட்டியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது! முன் பம்பர் வாய்க்குள் டார்ச் அடித்தால் ரேடியேட்டர்மேல் மக்கிய இலைக்குப்பை அடைத்திருக்கிறதா என்று தெரியும்.

டயரில் 2316 என்றால் 2016-இன் 23-வது வாரம். அவ்வளவு பழைய டயர் என்றால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் நான்கு டயர் விலையைக் கழியுங்கள்.