ரெண்டு மில்லி ரத்தமும் என் வாய்த்துடுக்கும்

கோயமுத்தூர்ல ஒரு லேப்ல இருந்தப்ப, ஃபிட்ஸ் வர்ற கொழந்தைகளுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம், அதாவது செல்லைக் கெடுக்கற பொருள அழிக்கற என்சைம், பாக்கற வேலை எங்கிட்ட வந்துச்சுங்க. வேல்ப்ரோயேட்டுங்கற ஃபிட்ஸ் மருந்து சிரப் ஆரம்பிக்கறதுக்கு முந்தி ஒருக்கா, சில மாசம் குடிச்சப்பறம் ஒருக்கா, ரெண்டு ரெண்டு மில்லி ரத்தம். சுத்தவிட்டு மேல நிக்கற பிளாஸ்மாவ எடுத்துட்டு, செவப்பணுவ ஜில்லுனு சலைன்ல மூணு தடவ கழுவி, டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துனா அணு பூரா ஒடஞ்சு செம்பருத்தி ஊறுன தண்ணியாட்டம் ஆயிரும். அதுல துளி எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடோட சேத்து, ஒளி எவ்ளோ உறிஞ்சுதுன்னு அளக்கற மெஷின்ல 240 நானோமீட்டர் அலைநீளத்துல வெச்சா, அந்த என்சைம்கள்ல ஒண்ணான கேட்டலேஸ் பெராக்சைட ஒடைக்க ஒடைக்க நம்பர் கண்ணு முன்னாடியே எறங்கும். சாம்பிள் ஊத்தி வெக்கற சின்னக் குப்பி, குவெட்டுனு சொல்லுவோம், அது குவார்ட்ஸ்லதான் வேணும், கண்ணாடி அந்தப் புற ஊதா ஒளிய விடாது. ஒரு நாள் அவசரத்துல கண்ணாடிய வெச்சுட்டு மெஷின் கெட்டுப்போச்சுன்னு கத்திட்டிருந்தேன்.

அந்தியூர்ப் பக்கமிருந்து ஒரு அக்கா அஞ்சு வயசுப் பையனக் கூட்டிட்டு ரெண்டாவது தடவ வந்திருந்தாங்க. "எதுக்கு கண்ணு மறுக்கா ரத்தம்?"

"அந்த சிரப் ஒடம்புல இருக்கற நல்ல என்சைமக் கொறைக்குதான்னு பாக்கறமுங்கக்கா."

அவ்ளோதான் சொன்னேன். ஊட்டுக்குப் போனதும் பையனோட அம்முச்சி சிரப் பாட்டிலத் தூக்கிப் பரண்ல வெச்சிருச்சு. நாலாம் நாள் ஃபிட்ஸ் நிக்காம வந்து 108-ல கொண்டாந்தாங்க. பையன் பொழச்சுட்டானுங்க, ஆனா எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

இத்தனைக்கும் நான் சொன்னது பாதிதான். ஃபிட்ஸ் வந்தாலே மூளைக்குள்ள செல்லைக் கெடுக்கற ஃப்ரீ ராடிக்கல் பெருகும், அதனால என்சைம் மாறுனா மருந்தாலயா வலிப்பாலயான்னு பிரிக்கறதே பெரிய பாடு. இதே வகை என்சைமான குளூடாதயோன் பெராக்சிடேஸுக்கு செலினியம் வேணும், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸுக்குத் தாமிரமும் துத்தநாகமும் வேணும், பையன் சரியாத் திங்கலன்னாலும் நம்பர் ஆடும். அதனாலதான் ஒரு ஆராய்ச்சிப் பேப்பர்ல ஏறுதுங்கறாங்க, இன்னொண்ணுல எறங்குதுங்கறாங்க. டாக்டருங்க நெசமாப் பயந்து பாக்கறது லிவரையும், ரத்தம் ஒறைய வெக்கற பிளேட்லெட்டையும், அதுலயும் ரெண்டு வயசுக்குள்ள இருக்கற கொழந்தைன்னா ரொம்பவே. இந்த என்சைம் கணக்க வெச்சு யாரும் சிரப்ப நிறுத்தச் சொல்றதில்ல. இதையெல்லாம் அந்தக்காகிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கோணும், பின்னாடி பத்து டியூப் வரிசையில நிக்குதுன்னு சொல்லல.

அப்பறம் லிவர் டெஸ்டுக்கு வந்தாங்க. மஞ்சப்பையில சிரப் பாட்டில், அளவு மூடி, பையனுக்கு பன்னு. ஊசி குத்தறப்ப பையன் கையத்தான் புடிச்சிட்டிருந்தாங்க. இந்தத் தடவ எதுக்குன்னு எங்கிட்டக் கேக்கல.