23 புள்ளி, 15 ஆடு, 12 டெஸ்டர்

பெங்களூரில் கேம் டெவலப்மென்ட் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விசாரித்தால் முதலில் காதில் விழுவது ஃபீஸ்தான். பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். ரிசப்ஷனில் இருந்தவர் லட்சக் கணக்கில் ஒரு தொகையைச் சொல்லி, இஎம்ஐ வசதி உண்டு என்றார். பாடத்திட்டம் கேட்டதற்குப் பளபளவென்று ஒரு புத்தகத்தை நீட்டினார். அதில் டிராகன் படம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது, பாடம் ஒரே பக்கம். அப்பா அல்சூரில் தையல் கடை வைத்திருக்கிறார். சரி, இது நமக்கு ஆகாது என்று வந்துவிட்டேன். கணினி பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப்புக்கு ரேம் மட்டும் கூட்டிக்கொண்டேன். மற்றதெல்லாம் இலவசமாகவே கிடைத்தது.

என்ன கேம் செய்வது என்பதில் அதிகம் குழம்பவில்லை. முதல் கேமே ஓப்பன் வேர்ல்டு, அதாவது ஆடுபவர் இஷ்டம்போல் சுற்றித் திரியும் பெரிய உலகம் என்று கிளம்பியவர்களைக் கல்லூரியில் நிறையப் பார்த்தாயிற்று. மெனு ஸ்கிரீனைத் தாண்டியவர்கள் குறைவு. விதிகள் தயாராக இருக்கும் ஒரு ஆட்டத்தை எடுத்தால், அதைக் கேமாக மாற்றுவதில் மட்டும் கவனம் செலுத்தலாம் என்று தோன்றியது. அப்படி எடுத்ததுதான் ஆடுபுலி ஆட்டம். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாகப் பலகையில் இறக்க வேண்டும். எல்லாம் இறங்கிய பிறகே அவை நகர முடியும். பக்கத்தில் இருக்கும் ஆட்டுக்குப் பின்னால் நேர்கோட்டில் காலியிடம் இருந்தால் புலி தாண்டி வெட்டும். மூன்று புலியையும் நகரவிடாமல் கட்டிவிட்டால் ஆட்டுக்கு வெற்றி.

கேம் செய்ய உதவும் மென்பொருளை எஞ்சின் என்பார்கள். முதலில் எடுத்த எஞ்சினில் பலகை வந்தது, காய் நகர்ந்தது. மெனுவில் தமிழைப் போட்டதும்தான் சிக்கல். ‘மேலே’ என்று எழுதினால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. யூனிகோடில் ‘மே’ என்பது முதலில் ம, அடுத்து கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தைக் கோத்துக் காட்டும் மென்பொருளின் வேலை. அந்த எஞ்சினில் நான் பயன்படுத்திய பகுதி அதைச் செய்யவில்லை. வார்த்தைகளைப் படமாக ஒட்டிவிடு என்றான் ஒரு நண்பன். பத்து வார்த்தைக்கு அது சரி. ஸ்கோர், பெயர், உதவிக் குறிப்பு எல்லாவற்றையும் படமாக ஒட்ட யாரால் முடியும்? அப்போதுதான் கோடோவுக்கு மாறினேன். திறந்த மூல எஞ்சின், எம்ஐடி உரிமம், கேம் எவ்வளவு விற்றாலும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. 2023-இல் வந்த கோடோ 4-க்குள் எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. குரோமும் ஆண்ட்ராய்டும் இந்திய எழுத்துகளைக் கோப்பது அதை வைத்துத்தான். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை உள்ளே போட்டேன், கொம்பு அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது. கன்னடமும் அதே வழியில் வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் கன்னடம் என்பதால் அது பிற்பாடு ரொம்ப உதவியது.

இவ்வளவும் கணினிக்குள் தீர்ந்த பிரச்சினைகள். கேம் டிசைன் என்றால் என்ன என்று புரிந்தது போனை இன்னொருவர் கையில் கொடுத்த பிறகுதான். முதல் ஆள் பாட்டி. கிருஷ்ணகிரி பக்கம் ஊர். சின்ன வயதில் கோயில் மண்டபத்துக் கல்லில் கோடு கிழித்து ஆடியவர்.

காயை ஒரு முறை தொட்டு, போக வேண்டிய இடத்தை அடுத்துத் தொடும்படி வைத்திருந்தேன். பாட்டி காயின் மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனார். “ஏன் கண்ணு, இது நகர மாட்டேங்குதே, ஒட்டிக்கிச்சா?” என்றார். எப்படி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். கேமை வாங்கும் ஒவ்வொருவர் பக்கத்திலும் நான் உட்கார்ந்து சொல்லப் போவதில்லையே. அன்று இரவே இழுத்தாலும் நகரும், தொட்டாலும் நகரும் என்று மாற்றினேன்.

பலகையிலும் ஒரு கோளாறு தெரிந்தது. உச்சியில் ஒரு புள்ளி, கீழே மூன்று வரிசைகளில் ஆறாறு, கடைசி வரிசையில் நான்கு. உச்சியிலிருந்து இறங்கும் நான்கு கோடுகள் முதல் வரிசையில் நெருக்கியடித்து நிற்கும். தரையில் கோலம் போல் பெரிதாக வரைந்தால் அது உறுத்தாது. ஆறு அங்குலத் திரையில் பாட்டியின் கட்டைவிரல் ஒரே நேரத்தில் இரண்டு புள்ளியை மூடிவிட்டது. தொடுமிடம் 48 டிபி-க்கு (ஆண்ட்ராய்டில் திரையில் அளக்கும் அலகு) குறையக் கூடாது என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்வதை நான் படித்துத்தான் இருந்தேன். அந்த விரலைப் பார்த்த பிறகே அது மண்டையில் ஏறியது. முதல் வரிசையைக் கீழே இறக்கி, கோடுகளை அகலமாக விரித்து, பலகையை மறுபடி வரைந்தேன். அழகு கொஞ்சம் குறைந்தது, ஆட வசதியாக ஆயிற்று.

அப்புறம் புலியின் மூளை. வெட்ட ஆடு கிடைத்தால் உடனே வெட்டு, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பக்கம் நகர் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். கல்லூரி நண்பர்களை அது சுலபமாகத் தோற்கடித்தது. பாட்டியிடம் செல்லவில்லை. கீழ் வரிசையின் இரண்டு முனைகளில் முதலில் ஆட்டை வைத்தார். அங்கே கோடு முடிந்துவிடுவதால் எந்தப் புலியாலும் தாண்ட முடியாது. பிறகு வேண்டுமென்றே ஒரு ஆட்டை நடுவில் விட்டார். புலி பாய்ந்து வெட்டியது, வெட்டிய இடத்திலேயே மாட்டிக்கொண்டது. “பசிச்ச புலிய கட்டுறது சுலபம்” என்றார்.

மினிமேக்ஸ் எழுத உட்கார்ந்தது அதனால்தான். சில நகர்வுகள் முன்னால் யோசித்து, எதிராளியும் தனக்கு நல்லதையே ஆடுவார் என்று வைத்துக் கணக்குப் போடும் முறை. வெட்டிய ஆடுகளுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் புலி பேராசை பிடித்ததாகவே இருக்கும். புலிக்கு நகர இன்னும் எத்தனை வழி மிச்சம் என்பதற்கும் மதிப்பெண் சேர்த்தேன். ஆட்டம் சட்டென்று மாறியது. ரொம்பவே மாறிவிட்டது. இப்போது பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு ஆட்டத்தில் போனைக் கீழே வைத்துவிட்டான். எளிய நிலையில் புலி ஒரு நகர்வு மட்டும் யோசிக்கட்டும், அவ்வப்போது இரண்டாவது சிறந்த நகர்வை ஆடட்டும் என்று விட்டேன். ஒரு சின்ன விஷயம்: புலி கண நேரத்தில் பதில் ஆடியபோது எல்லோரும் ஏமாற்று என்றார்கள். அரை நொடி தாமதம் வைத்ததும் “நல்லா யோசிக்குது” என்றார்கள். கணக்கு அதே கணக்குதான்.

கேம் முடிந்தது என்று நினைத்த இடத்தில் பிளே ஸ்டோர் வேலை ஆரம்பித்தது. கணக்குத் தொடங்க ஒரே முறை 25 டாலர், அடையாளச் சரிபார்ப்பு. 512-க்கு 512 ஐகான், 1024-க்கு 500 பேனர், தனியுரிமைக் கொள்கைக்கு ஒரு லிங்க், வயது வரம்புக்கான கேள்விப் பட்டியல். வன்முறை உண்டா என்று ஒரு கேள்வி. புலி ஆட்டை வெட்டுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். “கல்லு கல்லத் தாண்டுது, இதுல என்ன வன்முறை” என்று முடித்துவிட்டார்.

பெரிய வேலை டெஸ்டர், அதாவது கேமை ஆடிச் சோதித்துப் பார்க்கும் ஆள் பிடிப்பது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், கேமை எல்லோருக்கும் வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்டர்களாகச் சேர்ந்திருக்க வேண்டும். முன்பு 20 பேர், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். ஒவ்வொருவரின் ஜிமெயிலையும் பட்டியலில் சேர்த்து, அவர்கள் லிங்க்கைத் திறந்து சம்மதித்து, பிளே ஸ்டோரிலிருந்தே இறக்க வேண்டும். பெங்களூரில் இன்றைக்கு ஒருவரிடம் போய் ஜிமெயில் கொடுங்கள், ஒரு லிங்க் அனுப்புகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஓடிபி மோசடி என்றுதான் பார்ப்பார்கள். அப்பாவின் கடைக்குப் பட்டன் வாங்க வந்த ஒரு அண்ணன், “கேம்னா காசு கட்டி ஆடுறதா தம்பி? அதத்தான் தடை பண்ணிட்டாங்களே” என்றார். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்தைச் சொல்கிறார். இதில் காசே இல்லை, ஆடும் புலியும்தான் என்று போனில் காட்டினேன். காட்டிய பிறகு அவரே இரண்டு பேரைச் சேர்த்துவிட்டார். கல்லூரியில் கன்னட நண்பர்களுக்கு விளக்கவே தேவைப்படவில்லை, அவர்கள் ஊரிலும் ஆடு ஹுலி உண்டு.

இந்த வழியில் போகிறவர்கள் கேம் பாதி முடிந்ததுமே டெஸ்டர்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 12 பேரோடு நிற்காதீர்கள், இடையில் ஒருவர் விலகினாலும் எண்ணிக்கை குறைந்துவிடும். கூட நாலைந்து பேர் இருக்கட்டும். அவர்கள் சொல்லும் குறைகளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். முடிவில் கூகுள் ஒரு படிவம் கொடுத்து, டெஸ்டர்கள் என்ன சொன்னார்கள், அதனால் எதை மாற்றினீர்கள் என்று கேட்கும். பாட்டியின் கட்டைவிரல், அரை நொடித் தாமதம், பேராசைப் புலி என்று எனக்கு எழுத நிறைய இருந்தது. அனுமதி கிடைத்தது. இப்போது இரண்டு போன்களில் எதிரெதிரே ஆடும் வசதியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் டெஸ்டர்கள் வேண்டும், அல்சூர் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.