பதினோராவது ஆள்

இறுதிச்சடங்கில் ஒரு நேரத்தில் பத்துப் பேர் என்று மட்டும்தான் விதி சொன்னது. அந்தப் பத்துப் பேர் யார் யார் என்பதைக் குடும்பத்தாரே முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் கொவிட் பரவலைத் தடுக்க 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த சர்க்கிட் பிரேக்கர் எனும் முடக்கக் காலத்தில், ஈமச்சடங்கு ஏற்பாட்டாளரான என் வேலையின் பெரும்பகுதி அந்த எண்ணிக்கையைக் காப்பதாகவே மாறிப்போனது. துக்கத்திற்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, உள்ளே இருப்பவர் வெளியேறிய பிறகே அடுத்தவரை அனுப்பினேன். கட்டிப்பிடித்து அழ வருபவர்களிடம் தள்ளி நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். நெஞ்சு கனத்தாலும் இவையெல்லாம் சில வாரங்களில் பழகிவிட்டன. ஒரு வீட்டுப் பணிப்பெண்ணிடம் நான் சொன்ன ஒரு பதில் மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.

இறந்த பாட்டிக்குக் கொவிட் தொற்று இல்லை. தொற்றால் இறந்தவர்களின் உடலை இரட்டைப் பையில் இட்டு, 24 மணி நேரத்திற்குள் தகனம் செய்துவிட வேண்டும் என்றிருந்த நாள்கள் அவை. அந்தக் குடும்பங்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு விடைகொடுக்கவாவது அவகாசம் கிடைத்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலைக் கிடத்தி, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து, உறவினர் வாய்க்கரிசி இட்டு, எல்லாம் முறைப்படியே நடந்தன. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் வாழ்க்கைப்பட்டிருந்த மகளால் மட்டும் வர இயலவில்லை. மார்ச் 18ஆம் தேதி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்திய பிறகு, அரை மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய பாலம் அவருக்குக் கடலாகிவிட்டது. கைப்பேசித் திரையில் அவர் கதறிக்கொண்டிருந்தார். தாயின் முகம் அவருக்குத் தெரியும்படி அந்தக் கைப்பேசியைக் கை நடுங்காமல் பிடித்துக்கொண்டு நின்றவர் பாட்டியைப் பல ஆண்டுகள் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் எழுந்து பார்த்துக்கொண்ட அந்தப் பணிப்பெண். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்.

மண்டாய் தகனச் சாலைக்குப் புறப்படும் நேரத்தில் மூத்த மகன் என்னைத் தனியே அழைத்தார். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று பட்டியலில் பத்துப் பெயர்களும் நிரம்பியிருந்தன.

“தம்பி, அவளும் வரணும்னு நிக்கிறா. நான் சொன்னா மனசு நோகும். கவர்மெண்ட் ரூல்னு நீங்க சொல்லிடுங்க.”

நான் போய்ச் சொன்னேன். “ஒரு ஓரமா நின்னுக்கறேன் சார், ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்” என்றார் அவர். “இல்லம்மா, சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் அனுமதி. அரசாங்க விதி” என்றேன். அவர் உடனே தலையசைத்து, கைப்பேசியை ஒரு பேரனிடம் கொடுத்துவிட்டு மின்தூக்கியை நோக்கி நடந்துவிட்டார். அவர் மறுத்துப் பேசியிருந்தால், அழுதிருந்தால், இதை நான் மறந்திருக்கவும் கூடும்.

விதியில் சொந்தக்காரர்கள் என்ற சொல் எங்கும் இல்லை. அது ஒரு நேரத்தில் இருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையை மட்டுமே வரையறுத்தது. ஒரு பேரன் சற்று நேரம் வெளியே நின்றிருந்தால், அந்தப் பெண் உள்ளே சென்று பார்த்துத் திரும்பியிருக்கலாம். மண்டபத்தில் நேரம் குறைவாக இருந்திருக்கும். ஆனாலும் அது முடியாத காரியமன்று. இதை நான் மகனிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதே சமயம், தாயை இழந்து நிற்பவரிடம் அவருடைய பட்டியலைத் திருத்தச் சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் இரக்கமற்றவர் அல்லர். மனசு நோகும் என்று கவலைப்பட்டுத்தான் அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். விதியை மீறினால் முதல் குற்றத்திற்கே 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று அப்போதைய சட்டம் சொன்னது. பதினோராவது ஆளாக அந்தப் பெண்ணை அழைத்துச் செல்ல யாராலும் முடிந்திருக்காது. யாரோ ஒருவர் வீட்டிலேயே நின்றாக வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

என்னை உறுத்துவது “அரசாங்க விதி” என்ற சொற்களை நான் யாரிடம் பயன்படுத்தினேன் என்பதுதான். குடியுரிமை உள்ள ஒருவர் அதைக் கேட்டால், எந்த விதி, எங்கே இருக்கிறது என்று கேட்பார். பலர் என்னிடம் அப்படிக் கேட்டுச் சண்டையும் போட்டிருக்கிறார்கள். வேலை அனுமதிச் சீட்டோடு வாழும் ஒருவர் அப்படிக் கேட்பதில்லை. கட்டுப்பாடுகளை மீறிய வெளிநாட்டு ஊழியர்கள் சிலரின் அனுமதி ரத்துசெய்யப்பட்ட செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஓய்வுநாளிலும் வீட்டிலேயே இருக்கும்படி பணிப்பெண்களுக்கு ஆலோசனை கூறப்பட்டிருந்தது. இந்தியாவுக்கான வழக்கமான விமானங்களும் மார்ச் மாதமே நின்றுபோயிருந்தன. பராமரிக்க வேண்டிய பாட்டி போய்விட்டதால், அவருடைய வேலையும் அன்றே கேள்விக்குறியாகியிருக்கும். அந்த நிலையில் இருந்தவர் நான் சொன்னதைக் கேட்டு உடனே தலையசைத்ததை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் சமூகத்தில் எத்தனையோ தயக்கங்களுக்கு விதி ஒரு திரையாக இருந்தது என்றே நினைக்கிறேன். திருமணத்திற்கு யாரை அழைப்பது, யாரை விடுவது என்று ஆண்டுக்கணக்கில் மென்று விழுங்கியவர்கள், எண்ணிக்கையைக் காட்டித் தப்பித்துக்கொண்டார்கள். அதில் பலருக்கு நிம்மதியும் இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூடுவோர் எண்ணிக்கைக்கான கட்டுப்பாடு 2022 ஏப்ரல் 26ஆம் தேதி நீங்கியது. ஆனால் “கொவிட் நேரத்துல பண்ணின மாதிரி சின்னதா முடிச்சிடலாம்” என்று இன்றும் குடும்பங்கள் கேட்கின்றன. வர இயலாதவர்களுக்காகக் கைப்பேசியில் நேரலை வைப்பதும் வழக்கமாகிவிட்டது. யாரை விடுவது என்பதை இப்போது அவர்களே தங்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லத் திணறுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூத்த மகன் நினைவுக்கு வருகிறார்.

இன்று அவர் மீண்டும் அப்படிக் கேட்டால், நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணே என்று சொல்வேன் என நினைக்கிறேன். ஆனால் அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அத்தனை ஆண்டுகள் எந்த வீட்டில் இருந்தாரோ அந்த வீட்டாரின் வாயாலேயே, அந்தப் பத்துப் பேரில் தனக்கு இடமில்லை என்று அந்தப் பெண் கேட்டிருப்பார். அதைவிட அரசாங்கத்தின் பெயரில் நான் சொன்னது அவருக்கு இலேசாக இருந்ததா, அல்லது மகனுக்கும் எனக்கும் மட்டும்தான் இலேசாக இருந்ததா என்பதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும். அவரை நான் அதன்பின் பார்க்கவில்லை.